கைலாகும் மணியாசனமும்

பகைவராய் நின்று போர் புரிந்தவர்கள், ஆயுதங்களைக் கீழே வைத்துப் பல்லாண்டுகள் சென்றபின், தாம் பொருத அதே நிலத்துக்குத் திரும்பி வந்து ஒருவருக்கொருவர் கைலாகு கொடுத்துக்கொள்ளும் காட்சி மனித உள்ளத்தை நெகிழச் செய்வது. அக்காட்சியைப் பொருளாகக் கொண்ட தனியோர் இலக்கிய வகையே உலகில் வளர்ந்துவிட்டது. நினைவுக் குறிப்புகளும் தன்வரலாறுகளும் திரைப்படங்களும் அதனைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. 2009 மே மாதத்தில் போர் முடிந்த நமது நாட்டிலும் அவ்வகை எழுத்து தோன்றிப் பெருகி வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் நெகிழ்ச்சி வேறு, நீதி வேறு. வாசகனின் கண்களில் நீர் வரவழைத்த காரணத்தினாலேயே ஒரு நூல் உண்மையைச் சொல்லிவிட்டது என்று நாம் முடிவு கட்டுவதற்கில்லை. அந்த எழுத்தை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

உரைகல்லைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தின் நயினாதீவிலேயே அது கிடைக்கிறது. மகாவம்சம் கூறும் கதை ஒன்று உண்டு. மகோதரன், சூளோதரன் என்னும் இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருகனுமானவர்கள், மணிகள் பதித்த ஆசனம் ஒன்றுக்காகப் படைதிரட்டிப் பொருதார்கள். புத்தர் நாகதீபத்துக்கு எழுந்தருளி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்பது அக்கதை. நமது மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவத்துப் புத்த பீடிகையைப் பற்றிப் பேசும்போது, அதற்காக இரு வேந்தர் பொருத செய்தியைக் கூறுகிறது. நாகதீபமும் மணிபல்லவமும் நயினாதீவே என்று இரு மரபினரும் கொள்கின்றனர். வரலாற்றாசிரியர்கள் இதனை எவ்வாறு முடிவு செய்யினும் ஆகுக. பாலியிலும் தமிழிலும் ஒரே கதை நிலைபெற்றிருப்பதே நமக்குப் போதுமானது. ஏனெனில், போர்க்களத்துச் சமாதானத்தைப் பற்றி இத்தீவின் பெயரால் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கதை அதுவே.

அக்கதையில் இரண்டு செய்திகளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, பொருத இருவருக்குமிடையே மூன்றாமவர் ஒருவர் இருந்தார். படை எதனையும் சேராத அவர் முன்னிலையிலேயே சமாதானம் நிகழ்ந்தது. இரண்டாவது, அரசர்கள் கைலாகு கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. எந்த ஆசனத்துக்காகப் பொருதார்களோ அந்த ஆசனத்தையே விட்டுக்கொடுத்தார்கள். ஆசனத்தை ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவரைத் தழுவியிருப்பின் அதற்குச் சமாதானம் என்று பெயராகாது. ஆகவே, போர்வீரர் உறவாடும் எந்த நூலை எடுத்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: ஆயுதம் ஏந்தாத மூன்றாமவர் எங்கே? ஆசனம் யாரிடம் இருக்கிறது?

உலக அனுபவம் இக்கேள்விகளின் அவசியத்தை நன்கு உணர்த்துகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெருஞ்சமர் 1863 ஜூலையில் கெற்றிஸ்பேர்க்கில் நிகழ்ந்தது. ஐம்பது ஆண்டுகளின் பின், 1913 ஜூலையில், வடக்கையும் தெற்கையும் சேர்ந்த ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய வீரர்கள் அக்களத்தில் கூடினார்கள். ஒரு காலத்தில் குண்டுமாரி பொழிந்த கற்சுவரின் இருபுறமும் நின்று கைகளைப் பற்றிக்கொண்டார்கள். காண்போர் கண்ணீர் வடித்தனர். ஆனால் அப்போர் எதன் பொருட்டு நிகழ்ந்தது? அடிமைமுறையின் பொருட்டு. அவ்வடிமைகளின் மக்கள் அந்த விழாவில் எங்கே இருந்தார்கள்? அது வெள்ளையரின் விழாவாகவே நடந்து முடிந்தது. அதே ஆண்டில், அதே அரசாங்கம், தனது அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து வைக்கத் தொடங்கியது. பகைவர் இருவர் சமாதானமானார்கள். அச்சமாதானத்தின் செலவை மூன்றாமவர் கொடுத்தார்.

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பானியர் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமான இரயில் பாதையை அமைத்தார்கள். அதில் சித்திரவதைக்கு உள்ளான பிரித்தானியப் போர்க்கைதி எரிக் லோமாக்ஸ், தம்மை விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகசே தகாஷியை 1993இல் காஞ்சனபுரியில் சந்தித்தார். வெறுப்பை வென்ற அச்சந்திப்பை லோமாக்ஸ் 1995இல் நூலாக எழுதினார். பின்னர் அது திரைப்படமாகவும் வந்தது. அந்நூலின் நேர்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டனர் என்பதை அத்திரைப்படத்தைக் கண்டு கலங்கியவர்களுள் எத்தனை பேர் அறிவர்? மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் என்று கணக்கு உண்டு. காஞ்சனபுரியில் அவர்களது கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயர் தாங்கி நிற்கின்றன. தமிழ்க் கூலிகளுக்கோ பெயருமில்லை, நம்பத்தக்க எண்ணுமில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதியிராவிடின் தமிழிலக்கியத்திலும் அவர்களுக்கு இடம் அருகியிருக்கும். போர்வீரனுக்குக் கல்லறை உண்டு, நூல் உண்டு, சமாதானமும் உண்டு. கூலிக்கு இம்மூன்றும் இல்லை. இது தற்செயலன்று, வர்க்க சமுதாயத்தின் நினைவு இவ்வாறே இயங்குகிறது.

இவ்விரு கேள்விகளையும் ஏந்தியவாறு தீவகத்துக்குத் திரும்புவோம். ஊர்காவற்றுறை, வேலணை, அல்லைப்பிட்டி ஆகியன அடங்கிய தீவில் இரண்டு தரப்பினருடைய நினைவிடங்களும் உள்ளன. 1992 ஆகஸ்ட் 8 அன்று அராலித்துறையில் நிலக்கண்ணி வெடித்து, லெப்டினன்ட் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ, பிரிகேடியர் விஜய விமலரத்ன, கொமடோர் மொகான் ஜயமகா முதலானோர் மாண்டனர். அவர்களுக்கு அங்கு நினைவுச்சின்னம் உண்டு. இராணுவத்தினர் அஞ்சலி செலுத்துகின்றனர். அதே தீவின் சாட்டிக் கடற்கரையருகே, மாண்ட போராளிகளின் துயிலும் இல்லம் இருக்கிறது. நவம்பர் 27 அன்று தாய்மார் அங்கு விளக்கேற்றுகின்றனர். ஒரே தீவில் இரு துக்கங்கள் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று பாராமல் இருக்கின்றன. ஒரு துக்கத்துக்கு அரசின் அணிவகுப்பு வாய்த்திருக்கிறது. மற்றத் துக்கமோ கண்காணிப்பின் கீழ் கழிந்த காலம் நீண்டது. ஆசனம் யாரிடம் இருக்கிறது என்ற நமது இரண்டாவது கேள்விக்கு அத்தீவின் நிலமே விடை கூறுகிறது.

முதற் கேள்விக்கு விடை கடலில் இருக்கிறது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதில் இருந்தோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். மாண்டோர் தொகையைப் பதிவுகள் வேறுவேறாகத் தருகின்றன. குறைந்தது 23 பேர் என்பதில் கருத்து வேறுபாடில்லை. தீவு மக்களின் நினைவில் அது முப்பதைத் தாண்டும். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில், பெரும்பாலும் குருநகரைச் சேர்ந்த மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2006 மே 13 இரவில் அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலுமாகக் குழந்தைகள் உட்பட 13 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். இவர்களுள் எவரும் படைவீரரல்லர். இரு சேனைகளின் முதிய வீரர்கள் நாளை அராலித்துறையில் சந்தித்துக் கைலாகு கொடுப்பின் அது நல்லதே. ஆனால் குமுதினிப் பயணி அச்சந்திப்பில் யாருடைய கையைப் பற்றுவார்?

அந்தப் படகு பழுதுபார்க்கப்பட்டு, பின்னரும் பல்லாண்டுகள் நெடுந்தீவு மக்களை ஏற்றிச் சென்றது என்பதையும் இங்குக் கூறவேண்டும். உறவினரின் குருதி தோய்ந்த பலகைகளின் மேலேயே, பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மக்கள் பயணஞ் செய்தார்கள். பின்னாளில், நோயாளியை அவசரமாகக் கரைசேர்க்கக் கடற்படையின் படகையே அவர்கள் எதிர்பார்த்திருந்த நாட்களும் உண்டு. பழைய களத்துக்குத் திரும்புதல் போர்வீரனுக்கு ஒருநாட் பயணம். தீவு மக்களுக்கு அது அன்றாட வாழ்க்கை. மன்னிப்பதா வெறுப்பதா என்று தீர்மானிக்கும் ஓய்வு அவர்களுக்கு வாய்க்கவில்லை. இதனை விளங்கிக்கொள்ளாத சமாதான இலக்கியம் யதார்த்த இலக்கியமாகாது.

இனி நூல்களுக்கு வருவோம். 2016 ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்க ஆண்டாகும். அவ்வோராண்டிலேயே போரில் நின்ற மூவரின் நூல்கள் வெளிவந்தன. ஒன்று, விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக இருந்து, 2015 அக்டோபரில் நோயால் மறைந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. மற்றொன்று, கடற்படை அதிகாரியாக இருந்து புலிகளிடம் சிறைப்பட்ட கொமடோர் அஜித் போயாகொட, சுனிலா கலப்பதியிடம் சொல்லி எழுதுவித்த சிறைவாழ்வு நூல். மூன்றாவது, மேஜர் ஜெனரல் கமல் குணரத்ன நந்திக்கடல் வரையிலான தமது படைப் பயணத்தைக் கூறும் நூல். தோற்ற தரப்பின் தற்சோதனை, கைதியின் சாட்சியம், வென்ற தளபதியின் வரலாறு என்று இம்மூன்றையும் நாம் வகைப்படுத்தலாம்.

மூன்றாவதைப் பற்றி இங்கு அதிகம் பேசுவதற்கில்லை. வெற்றியின் வரலாற்றில் பகைவன் வெல்லப்பட வேண்டிய பொருளாகவே வருவான். நமது இரு கேள்விகளையும் அந்நூல் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

போயாகொடவின் நூல் வேறு தரத்தது. அவர் தலைமையேற்றிருந்த சாகரவர்த்தன கப்பல் 1994 செப்டம்பரில் மன்னார்க் கடலில் கடற்புலிகளால் மூழ்கடிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கைதியாக இருந்து, 2002இல் அவர் விடுதலையானார். அந்நூலில் வீரப் பிரதாபம் இல்லை. தம் தரப்பைத் தூய்மைப்படுத்தும் முயற்சியும் இல்லை. தம்மைக் காவல் காத்த இளைஞர்களை அவர் மனிதராகவே கண்டார், அவ்வாறே சொன்னார். அதற்காக விடுதலையின் பின் தம்மவராலேயே ஐயத்துடன் நோக்கப்பட்டார். பகைவனை மனிதன் என்று சொன்னவனைத் தாயகம் சந்தேகிப்பது எத்துணை அவலம்! படைவீரனல்லாத ஒரு பெண் அருகிருந்து கேட்டு எழுதியமையாலேயே இந்நூல் படைமொழியின் பூச்சிலிருந்து தப்பியது என்று நாம் கருதுகிறோம். அங்கே கேட்பவர் உருவில் மூன்றாமவர் ஒருவர் இருந்தார். எனினும் சிறைக்குள் நிகழும் கதையாதலின், கைதிக்கும் காவலனுக்கும் அப்பால் உள்ள ஊர்மக்கள் அதன் விளிம்பிலேயே நிற்கின்றனர். இதனை ஆசிரியரின் குற்றம் என்று கூறல் தகாது. அவ்வடிவத்தின் எல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

தமிழினியின் நூலுக்குக் கிடைத்த வரவேற்பு நூலினும் அதிகமாகச் சிந்திக்கத் தூண்டுகிறது. சாமிநாதன் விமலின் மொழிபெயர்ப்பில் அது அதே ஆண்டிலேயே சிங்களத்தில் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்டது. தமிழிலோ அதனைக் காட்டிக்கொடுப்பு என்று தூற்றியவர்கள் இருந்தனர். இறுதிக்கால ஆட்சேர்ப்பின் கொடுமை முதலியவற்றை உள்ளிருந்த ஒருவரே எழுதியமை பெருந்துணிவு என்பதில் ஐயமில்லை. தோற்றபின் பேசினார் என்பது அதன் உண்மையைக் குறைத்துவிடாது. ஆனால் அதனைத் தெற்கில் விரும்பி வாசித்தவர்களை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. தோற்றவனின் தற்சோதனையை வாசித்து ஆறுதல் அடைபவன், தன் தரப்பிலிருந்தும் அத்தகைய நூல் ஒன்றைக் கேட்கிறானா? ஒருபக்கத்து ஒப்புதல் வாக்குமூலம் சமாதானமாகாது. அது வென்றவனின் அலுமாரியில் மற்றுமொரு வெற்றிச் சின்னமாகவே முடியும். பிறருடைய குற்றத்தைத் தங்கள் மொழியில் வாசிப்பது எளிது. தங்கள் குற்றத்தைப் பிறர்மொழியில் வாசிக்கத் துணிவதே கடினம். இது சிங்கள வாசகருக்கு மட்டும் கூறியதன்று. போயாகொடவைத் தமிழில் வாசிக்கும் நம்மவருக்கும் பொருந்துவதே.

தீவக மண்ணிலேயே பிறந்த போராளி ஒருவரின் எழுத்தும் நம்மிடம் உண்டு. அல்லைப்பிட்டியைச் சேர்ந்த ஷோபாசக்தி இளவயதில் புலிகள் இயக்கத்தில் இணைந்து, பின்னர் விலகிப் பாரிசில் அகதியானவர். அவரது முதல் நாவலாகிய ‘கொரில்லா’ 2001இல் வெளிவந்தது. அகதி விண்ணப்பம் ஒன்றின் வடிவில் தொடங்கும் அந்நாவல், தீவகச் சிற்றூர் ஒன்றின் வறுமையையும் சண்டியர் ஆதிக்கத்தையும் அஞ்சாமற் காட்டுகிறது. கதைத்தலைவனின் தந்தைக்கே கொரில்லா என்பது பட்டப்பெயர். ஊரிலும் வீட்டிலும் நிலவிய வன்முறை இயக்கத்தினுள் எவ்வாறு புகுந்தது, இயக்கத்தின் வன்முறை எவ்வாறு தன் பிள்ளைகளையே தின்றது என்பதனை அது தெளிவாக்குகிறது. பகைவன் எதிர்க்கரையில் மட்டும் இல்லை என்பதே அதன் செய்தி. அங்கதம் சிற்சில இடங்களில் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திவிடுகிறது என்பது நமது குறை. ஆயினும் வீரவழிபாட்டின் பிடியிலிருந்து போர் எழுத்தை மீட்டவர்களுள் அவர் முன்னிற்பவர்.

ஆயுதம் ஏந்தாதவரின் குரலுக்கு நாம் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்திடம் செல்ல வேண்டும். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படைநடவடிக்கைகளால் தீவக ஊர்களிற் பெரும்பாலானவை வெறிச்சோடின. ஆளரவமற்ற அவ்வூர்களின் துயரமே 1995இல் வெளிவந்த அவரது ‘காற்றுவழிக் கிராமம்’. போர்வீரனின் நூல் தனது செயலைக் கூறும். இக்கவிதைகளோ செயலின் பின் எஞ்சிய முற்றத்தைக் கூறுகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்காதவன் போரின் ஒரு பாதியையே படித்தவனாவான். பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியராயுள்ள நம் வாசகர்கள் இதனைக் கருத்திற்கொள்வார்களாக.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சண்டையிட்ட சிப்பாய்களும் ஏழை எளியவர்களின் பிள்ளைகள்தானே. அவர்கள் மனமொத்து அணைத்துக்கொள்வதை ஏன் ஐயுறவேண்டும்? இவ்வாதத்தின் முற்பாதி முற்றிலும் சரியானது. தெற்கின் வரண்ட கிராமங்களில் வேலையற்றிருந்த வாலிபன் சம்பளத்துக்காகச் சேனையிற் சேர்ந்தான். வடக்கில் கப்பலேறவும் விமானமேறவும் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் போனபின் எஞ்சியவன் களத்தில் நின்றான். போருக்கு முன்னர் இவர்களின் தந்தையர் ஒருவரையொருவர் அறியாதவர்களும் அல்லர். புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களின் வணிகர் தலைமுறை தலைமுறையாகத் தென்னிலங்கைப் பட்டினங்களில் கடைகள் வைத்திருந்தார்கள்; சிங்களம் பேசினார்கள்; சிங்கள உழவருக்குக் கடனும் கொடுத்தார்கள். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் அவ்வுறவை எரித்தன. ஆகவே அச்சாதாரண மனிதர் இருவரும் மீண்டும் சந்திப்பதை நாம் ஐயுறவில்லை. அச்சந்திப்பை எடுத்துக் காட்டி, போருக்குக் காரணமானவற்றை மூடிமறைப்பவர்களையே ஐயுறுகிறோம். சிப்பாய்கள் இருவரும் தம்மை ஏவியவர்களை நோக்கி ஒன்றாகக் கேள்வி கேட்கும்போது அவர்களது நட்பு முழுமையடையும். ஒன்றாகப் புகைப்படத்துக்கு நிற்பதோடு முடிவது அரசாங்க விளம்பரத்துக்கே உதவும்.

இதே அளவுகோலை நமது வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்க்கவேண்டும். போருக்கு முன்பே, 1971இல், புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நன்னீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை கோரி நின்ற எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973இல் அவர் மறைந்தார். உவர்நீர் சூழ்ந்த தீவில் ஒரு குடம் நன்னீரை மறுத்தவர்கள் அந்நியர் அல்லர், நம்மவரே. 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்தபோது மாண்ட தமிழ் இளைஞர்களுக்கு விளக்கேற்றத் தயங்குபவர்களும் நம்மவரே. எதிர்த்தரப்பு வீரனுக்குக் கைலாகு கொடுக்கத் தயாராயிருப்பவன், தன் ஊரின் கிணற்றடியில் நிறுத்தப்பட்டவனுக்கு அதே கையை நீட்டுவானா? அங்கும் மணியாசனம் ஒன்று இருக்கிறது. அதனை விடாமற் பேசும் சமாதானம் போலியே.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையில், 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது சிறைபிடிக்கப்பட்ட சிங்கள இளைஞர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். போர் முடிந்தபின் கடற்படை அதனை உல்லாச விடுதியாக்கியது. தெற்கின் கிளர்ச்சியும் வடக்கின் துயரமும் இவ்வாறு ஒரே கடலில், ஒரே சேனையின் கையில், சுற்றுலாப் பொருளாகிவிட்டன. நாகதீபத்துக்கு வரும் சிங்கள யாத்திரிகர் குறிகாட்டுவானில் படகேறுகின்றனர்; விகாரையை வணங்கி, நாகபூசணி அம்மனையும் தரிசித்துத் திரும்புகின்றனர். அவர்களது பக்தியில் களங்கமில்லை. ஆனால் குமுதினி வந்துசேரவிருந்த துறை அதுவே என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? அரசின் அறிவிப்புப் பலகை சொல்லாது. சொல்ல வேண்டியவன் எழுத்தாளன். அதனைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். வசையாக அன்றி, சாட்சியமாகச் சொல்ல வேண்டும். அவ்வாறே அராலித்துறையில் மாண்டவர்களின் இல்லங்களில் நிகழ்ந்த அழுகையைத் தமிழ் வாசகன் கேட்கும்படி தமிழில் எழுதவும் வேண்டும்.

சமாதான இலக்கியம் வேண்டாம் என்பது நமது கருத்தன்று. அது இன்னும் பெரிதாக, இன்னும் உண்மையாக வேண்டும் என்கிறோம். தளபதிகளின் நினைவுகள் போதிய அளவு வந்துவிட்டன. படகோட்டியின், மீனவனின், கணவனைத் தேடி அலையும் பெண்ணின் சாட்சியங்கள் அவற்றுக்கு நிகராக அச்சேற வேண்டும். இரு மொழிகளிலும் அச்சேற வேண்டும். நமது மாணவர்கள் தத்தம் ஊர்களில் முதியோரிடம் சென்று கேட்டு எழுதத் தொடங்குவார்களாயின் அதுவே தக்க ஆரம்பமாகும். போயாகொடவின் நூலுக்கு வாய்த்த பொறுமையுள்ள செவி, குமுதினியில் உயிர் தப்பியவருக்கும் வாய்க்கவேண்டும்.

மணிமேகலையில் வேந்தர் இருவர் ஆசனத்துக்காகப் பொருத போர் ஓய்ந்த அதே தீவிலேதான், பின்னர் பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி கிடைக்கிறது. சாத்தனார் இவ்விரண்டையும் ஓரிடத்தில் வைத்தமை பொருளற்றதன்று. ஆசனத்தின் மீதுள்ள பிடி தளர்ந்த பின்பே மக்களின் பாத்திரம் நிறையும்.